இரண்டு விரல் அலுமினியம்

சக்கரம் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் சொல்லிக்கொள்ளும்படி எதையும் செய்துவிடவில்லை. ஆவணக் காப்பகத்து உதவிக் கண்காணிப்பாளர் தம் வீட்டுப் பின்னறையில் சொந்தக் கையால் ஒரு சி.என்.சி. இயந்திரம் கட்டி முடித்த அன்றுதான் அந்த நெடுநாள் சோம்பல் ஒழிந்தது. கணினி கட்டளையிடும், மோட்டார் நகரும், சுழலும் முனை பலகையைச் செதுக்கும். அந்தப் பின்னறையில் அதுவரை அவருடைய மாமனார் படுத்திருந்தார். வரலாறு உள்ளே வரும்போது மனிதர்கள் ஒதுங்கத்தான் வேண்டும். மாமனாரின் கட்டில் கூடத்துக்கு 'மாற்றல்' ஆனது.

முதல் மாதம் இயந்திரம் மரத்தில் பெயர்ப்பலகைகள் செதுக்கித் தள்ளியது. குளியலறைக் கதவில் 'குளியலறை' என்று ஒன்று ஏறியது. அதுவரை வீட்டில் யாரும் அதைச் சமையலறை என்று நினைத்து நுழைந்ததில்லை என்றாலும், ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அப்போதுதான் மாமனாரின் சக்கர நாற்காலியில் இடது கால்பலகையைப் பிடித்திருந்த கவ்வி உடைந்தது. இரண்டு விரல் அகல அலுமினியத் துண்டு, அவ்வளவுதான்.

"ஏங்க, கடையில கேட்டா குடுத்துடுவாங்க. வரும்போது வாங்கிட்டு வந்துடுங்க," என்றாள் மனைவி.

"வீட்டுல ஒரு தொழிற்சாலையே இருக்கு. என்னைக் கடைக்குப் போகச் சொல்றியா?"

மாமனார் முழங்கால் போன பழைய பேருந்து ஓட்டுநர். ஞாயிறுதோறும் பூங்காவில் ஓய்வுபெற்ற தபால்காரரோடு சதுரங்கம் ஆடுவார். மூன்று வருடமாக ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆயிடுமா? ஆட்டம் பாதியில நிக்குது. தபால்காரரோட ராணி வசமா மாட்டியிருக்கு. எந்தக் காய் எங்க நிக்குதுன்னு எழுதிச் சட்டைப் பையில வெச்சிருக்கேன்."

"ஞாயிறு எதுக்கு மாமா? வெள்ளிக்கிழமையே ஆயிடும்."

அலுமினியம் மரமில்லை. முனை அதைத் தொட்டதும் எழுந்த அலறலில், யாரையோ யாரோ கொல்கிறார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்தார். உலோகம் இளகி முனையில் அப்பிக்கொண்டது, முனை படக்கென்று ஒடிந்தது. உடனே சாப்பாட்டு மேசையில் 'ஆய்வுக் கூட்டம்' கூட்டப்பட்டது.

"மிஷின் ஆடுது. உடம்புல உறுதி பத்தல. முதல்ல அதுக்கு ஒரு அலுமினியத் தகடு போடணும்."

"அந்தத் தகட்டை யாரு செய்வா?"

"மிஷின்தான்."

"அதான் அலுமினியத்தை வெட்டலையே?"

"அதுக்குத்தான் தகடு."

நடவடிக்கைக் குறிப்பில் மனைவி கையெழுத்துப் போட மறுத்தாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு, மயிரிழை மயிரிழையாகச் சீவி, ஐந்து வாரத்தில் தகடு பிறந்தது. தகடு உறுதியானதும் தூண்கள் ஆடுவது தெரிந்தது. தூண்களைச் செய்து மாட்டினால் அடிமேசை ஆடியது. வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின. இயந்திரம் வெட்டிய அலுமினியம் அத்தனையும் இயந்திரத்துக்கே போய்ச் சேர்ந்தது. இப்படித் தன்னையே வளர்த்துக்கொள்ளும் அமைப்பை உதவிக் கண்காணிப்பாளர் தம் அலுவலகத்தில் மட்டுமே பார்த்திருந்தார். அவருக்குக் கண்கள் பனித்தன.

அளவெடுக்க நாற்காலியின் வலது கவ்வி 'மாதிரி'யாகக் கழற்றப்பட்டது. அது மோட்டாரை அளவெடுத்துச் செய்ததுபோல் கவ்விப் பிடிக்கவே, 'தற்காலிகமாக' அங்கேயே நின்றது.

ஒரு ஞாயிறு தபால்காரரே பலகையும் காய்களுமாக வீட்டுக்கு வந்தார். மாமனாருக்கு முகமெல்லாம் பல். காகிதத்தைப் பார்த்துப் பார்த்துக் காய்களை அடுக்கி முடித்த வேளையில் பின்னறையில் மோட்டார் ஓடியது. மேசை நடுங்கியது. மாட்டியிருந்த ராணி மெல்ல நகர்ந்து பக்கத்துக் கட்டத்துக்குத் தப்பியது. இரண்டு சிப்பாய்கள் தரையில் விழுந்தார்கள்.

"மாப்பிள்ளை, ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்களேன்," என்று மாமனார் கெஞ்சினார்.

"பாதியில நிறுத்தினா வேலை கெட்டுடும் மாமா. எல்லாம் உங்களுக்காகத்தானே?"

காதைப் பொத்திக்கொண்டு போன தபால்காரர் பிறகு வரவில்லை. மாமனார் காகிதத்தை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். பாவம், வேறென்ன செய்வார்?

கால்பலகை இரண்டும் இல்லாத நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. உட்காராத நாற்காலியை 'பயன்பாட்டில் இல்லாத உடைமை' என்று வகைப்படுத்த விதியில் இடமிருந்தது. அதன் குழாய்களோ நல்ல நேரானவை. அவை இயந்திரத்தின் முதுகாயின. சக்கரங்கள் அடியில் போயின.

எட்டாம் மாதம் இயந்திரம் மலைபோல் நின்றது. அசைவில்லை, அலறலில்லை. முப்பதே நிமிடத்தில் கவ்வி வெளியே வந்தது. வெர்னியர் அளவுகோலில் அளந்தால் இம்மி பிசகவில்லை. உதவிக் கண்காணிப்பாளர் அதைத் தட்டில் துணி விரித்து வைத்து, கூடத்தில் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனாரிடம் இரு கையாலும் நீட்டினார்.

"மாமா, ஆயிடுச்சு!"

மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு மாப்பிள்ளை. எதுல மாட்டறது?"

உதவிக் கண்காணிப்பாளர் பின்னறையைத் திரும்பிப் பார்த்தார். இந்த அம்சம் எந்தக் கூட்டத்திலும் விவாதிக்கப்படவில்லை.

"அந்த மிஷினையே பூங்காவுக்குத் தள்ளிக்கிட்டுப் போங்க," என்றாள் மனைவி. "அதுக்குத்தான் முதுகு, சக்கரம் எல்லாம் இருக்கே."

மாமனார் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, கவ்விக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தார்.

"போனீங்கன்னா இதைத் தபால்காரர்கிட்ட குடுத்து, நான் தோத்துட்டேன்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை. ஆனா தோத்தது அவர்கிட்ட இல்லைன்னும் சொல்லிடுங்க."