புல்லுக்குப் போட்ட யூரியாவும் நாய்மேல் போட்ட பழியும்

"இந்த வருஷம் புல்தரைய நான் பாத்துக்கறேன்" என்று நான் அறிவித்தபோது என் மனைவி கோகிலவாணி பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"எதுக்குங்க?"

"எதுக்கா? உறைபனியில கருகிப்போய், எண்ணெய் காணாத தலையாட்டம் கெடக்குது. அடுத்த மாசம் உங்கண்ணன் வர்றாரு. கோயமுத்தூர்ல ஃபிளாட்டுல இருக்கற மனுஷன். நம்ம புல்லப் பாத்து அவருக்கு வயிறு எரியணும்."

"மாசி மாசம் குன்னூர்ல எல்லா ஊட்டுப் புல்லும் இப்படித்தானுங்க இருக்கும். வேரு உசுரோடதான் இருக்குது. தண்ணி மட்டும் ஊத்துங்க, தானாத் தழையும்."

"தானாத் தழையறதுக்கு நான் எதுக்கு?"

"அதத்தானுங்க நானும் கேக்கறேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் ஒரு தொழிற்சாலையில் ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட். என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு நாற்காலி நகராது. என் வீட்டில் புல் மட்டும் தானாக வளர்ந்துவிடுமா?

முதலில் புல்லுக்கு மொட்டை போட்டேன். ஒட்ட வெட்டினால்தான் புதுசு துளிர்க்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அடுத்தது யூரியா. கடைக்காரர், "லேசாத் தூவுங்க சார்" என்றார். லேசு என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. எனக்குத் தாராள மனசு. கல்யாண வீட்டில் அட்சதை போடுவது போல அள்ளி அள்ளிப் போட்டேன். போட்ட கையோடு நிறையத் தண்ணீர் விட வேண்டுமாம். அந்த இடம் வருவதற்குள் நான் வீடியோவை நிறுத்தியிருந்தேன்.

ஒரு வாரத்தில் புல் வைக்கோலானது. பிடித்து இழுத்தேன். விக் மாதிரி கையோடு வந்தது.

"ஐயையோ, என்னங்க ஆச்சு?" வாசலில் கோகிலா.

கையில் விக்கோடு திருதிருவென்று விழித்தேன். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ஜெர்சனின் நாய் டைகர் வேலிக்கடியில் நுழைந்து வந்தது. முகர்ந்தது. காலைத் தூக்கியது.

"நாய்!" என்றேன். "ஜெர்சன் ஊட்டு நாய்தான்! தெனமும் வந்து பேஞ்சு பேஞ்சு புல்லயே கொன்னுபோடுச்சு!"

"இந்த டைகருங்களா? இத்தன எடத்துக்கும் பேயணும்னா அது யானையாப் பொறந்திருக்கணுமுங்க."

"நெறையத் தண்ணி குடிக்குமோ என்னமோ."

"அப்படீங்களா."

அத்தோடு உள்ளே போய்விட்டாள். புல் பச்சையாகவில்லை. நான் சொன்ன பொய்தான் பச்சையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெர்சன் கேட்டில் நின்றான். மொறுமொறுவென்று வர்க்கி பிஸ்கட் சுட்டு விற்கிறவன். அவன் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கையில் சூடான வர்க்கிப் பொட்டலம். மறு கையில் இரும்புச் சட்டி. அதில் மண்ணோடு பெயர்த்த புல், பாளம் பாளமாக, பச்சைப் பசேலென்று.

"அண்ணா, மன்னிச்சுக்கங்க. அக்கா சொன்னாங்க. டைகரக் கட்டிப்போட்டுட்டனுங்க."

"பரவால்ல தம்பி. வாயில்லாத ஜீவன்" என்று பெருந்தன்மையாக மன்னித்தேன். செய்யாத குற்றத்துக்கு நாயை மன்னித்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

அவன் மண்டியிட்டுக் கருகிய இடத்தைக் கொத்தத் தொடங்கினான். வேலிக்கு அந்தப் பக்கம் சங்கிலி சலசலத்தது. டைகர் குரைத்திருந்தால் தாங்கியிருப்பேன். அது முனகியது.

கோகிலா தேநீரும் தட்டில் வர்க்கியுமாக வந்தாள். "சாப்பிடுங்க. டைகரு பண்ணுன தப்புக்கு அவரு குடுத்தது."

கடித்தேன். மிச்சத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"பாவமுங்க ஜெர்சன்" என்று அவள் தொடர்ந்தாள். "சர்ச்சுக்குக்கூடப் போகாம வந்திருக்காரு."

நான் எழுந்து, ஒரு பாளத்தையாவது பிடித்துக்கொடுக்கலாம் என்று குனிந்தேன்.

"நீங்க உக்காருங்கண்ணா" என்றான் ஜெர்சன். "ஆசையா வளத்த புல்லு. உங்க மனசு எத்தன பாடுபட்டிருக்கும்."

அதற்கு மேல் முடியவில்லை. காது மடல் வரைக்கும் சுட்டது.

"தம்பி, நாய் இல்ல. நான்."

ஜெர்சனின் கை நின்றது.

"யூரியாவ அள்ளிக் கொட்டிப்போட்டேன். தண்ணியும் ஊத்தல. கோகிலா கேட்டதும் பயந்துபோய் உன்ற நாய்மேல சொல்லிட்டேன். என்னைய மன்னிச்சுக்க."

அவன் பதில் சொல்லும்வரை அங்கே நிற்கத் தைரியமில்லை. நேராக அவன் வீட்டுக்குப் போய் டைகரை நானே அவிழ்த்துவிட்டேன். கடித்துத் தொலைத்தால் தேவலை என்று கையை நீட்டினேன். அது நக்கியது. அந்தச் சங்கிலியை என் கழுத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

திரும்பி வந்தபோது ஜெர்சன் நெளிந்துகொண்டிருந்தான்.

"அண்ணா, நீங்க டைகர் மேல பழி போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க. அக்காதான், 'காலைல கொஞ்ச நேரம் டைகரக் கட்டிப்போட்டுட்டு வாங்க, அவரே வாயத் தொறப்பாரு'ன்னாங்க."

நான் கோகிலாவைப் பார்த்தேன். அவள் ஒரு வர்க்கியை எடுத்துத் தேநீரில் நனைத்தாள்.

"அது சரி தம்பி" என்றேன் தரையைப் பார்த்தபடி. "நான் பண்ணுன தப்புக்கு உன்ற ஊட்டுப் புல்ல எதுக்குப் பேத்துட்டு வந்தே?"

அதற்கும் கோகிலாதான் பதில் சொன்னாள்.

"அது அவரு புல்லு இல்லீங்க, நம்முளுதுதான். பாத்துக்கறேன்னு நீங்க சொன்ன அன்னைக்கே, ஊட்டுக்குப் பொறத்தால இருந்ததப் பேத்து அவரு தோட்டத்துல பத்திரமா வெச்சு, தண்ணி மட்டும் ஊத்துனனுங்க."