மயிலாரின் செல்போனில் மேகம் கூடிய கதை

ஒரு காட்டில், சிங்கம் கிடக்கட்டும், முதலில் மயிலைச் சொல்கிறேன், சிங்காரம் என்று ஒரு மயில் இருந்தார். மேகம் கூடினால் தோகை விரித்து ஆட வேண்டும், அதுதான் அவர் வேலை. அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஓடைக்கரை வளையில் இருந்த பொன்னுத்தாயி முயல் தன் குட்டிகளை மேட்டுப் பாறைக்குத் தூக்கிப்போவாள். இல்லாவிட்டால் வெள்ளம் வளைக்குள் வந்துவிடும்.

இந்த மகராசன் ஒரு செல்போன் வாங்கினார். வெயில் அடித்தால் திரை தானாகப் பளிச்சென்று ஆகும், மேகம் மூடினால் தானாக மங்கும். "இனி எதுக்கு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கணும்?" என்று வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் உச்சி வெயிலில் செல்ஃபி எடுக்கத் தோகையை விரித்தார். நிழல் விழுந்து திரை மங்கியது. "ஆகா, மேகம் கூடிடுச்சு!" என்று ஆட ஆரம்பித்தார். ஆடுகிற வரை தோகை விரிந்திருந்தது, திரையும் மங்கியே இருந்தது.

பொன்னுத்தாயி குட்டிகளோடு கொதிக்கும் பாறையில் நின்று கத்தினாள். "மழை எங்கேண்ணே? பிள்ளைங்க சுருண்டுடுச்சுங்க!"

"திரையைப் பாரு, எவ்வளவு மங்கல்!"

"ஐயோ, அது உங்க தோகை நிழல்ணே!"

"உனக்கு டெக்னாலஜி புரியாதும்மா."

வழக்கு சிங்கராஜாவிடம் போனது. செல்போன் விலை உயர்ந்தது, அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. வெளிச்சத்தை மறைத்தது தோகைதானே? "வெட்டுங்கள் அதை!" என்றார் ராஜா. வெட்டினார்கள். சபையே கைதட்டியது.

பிறகு ஒருநாள் நிஜமாகவே வானம் கறுத்தது. திரையும் மங்கியது, இந்த முறை சரியாகத்தான். மயிலார் பதறிப்போய் மொட்டை வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். யார் கண்ணில் படும்?

பொன்னுத்தாயியும் கறுப்பைப் பார்த்தாள். "அண்ணன் தோகை விரிக்கலையே. அதான் ராஜா எல்லாத்தையும் சரிபண்ணிட்டாரே, இனி தப்பு நடக்காது" என்று குட்டிகளுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். பாவி மகள், நம்பிவிட்டாள்.

வெள்ளம் வந்தது. ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள். கடைசிக் குட்டிக்கு அவள் திரும்பி வந்தபோது வளையே இல்லை.

சொட்டச் சொட்ட நனைந்து, ராஜாவின் குகை வாசலில் விழுந்து, "மழை வெள்ளம் பிள்ளையைக் கொண்டுபோயிடுச்சே!" என்று அழுதாள். உள்ளே விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. ராஜா தன் செல்போனை எடுத்துப் பார்த்தார். திரை பளிச்சென்று இருந்தது.

"வெளியே நல்ல வெயிலாச்சே!" என்றார். "எதுக்கும்மா பொய் சொல்றே?"

நீதி: பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முறையிடப் போகும்போது உடம்பைத் துவட்டிக்கொண்டு போகவும். ராஜாவின் செல்போனில் ஈரம் படக் கூடாது.