டைரியில் நாலு பேர்

குவைத்திலிருந்து வந்த அட்டைப்பெட்டியில் ஒரு கம்பளி, இரண்டு டப்பா தைலம், பாதி தீர்ந்த ஷேவிங் கிரீம், ஒரு டைரி, இவ்வளவுதான் இருந்தன. கம்பளியைப் பரிமளா எடுத்துக்கொண்டாள். தைலத்தில் ஒரு டப்பாவைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். டைரியை யாரும் கேட்கவில்லை. அது அவள் புருஷன் செல்லதுரையின் கைக்கு வந்தது. வம்பும் கூடவே வந்தது.

டைரி முழுக்கக் காலி. கடைசிப் பக்கத்தில் மட்டும் சித்தப்பாவின் கோணல் கையெழுத்தில் நாலு வரி.

கண்ணையன் – 40,000.
நல்லதம்பி – 75,000.
அறிவுச்செல்வன் சார் – 1,00,000.
பொன்னுத்தாய், வேப்பந்தட்டை – 15,000.

கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு போன் நம்பர்.

"போச்சு," என்றான் செல்லதுரை. "சித்தப்பா கடன் வச்சிட்டுப் போயிருக்காரு."

பரிமளா எட்டிப் பார்த்தாள். "ரெண்டு லட்சத்து முப்பதாயிரமா? ஏங்க, இருபத்திரண்டு வருஷம் குவைத்துல சம்பாதிச்ச மனுசன் ஆண்டிமடத்துல எதுக்குக் கடன் வாங்குறாரு? ஒட்டகம் வாங்குனாரா?"

"அப்ப ஏஜென்டுக்குக் கட்டணும்னு ஊரெல்லாம் கைமாத்து வாங்கிட்டுத்தானே கிளம்புனாரு? மறந்துட்டியா?"

"அதெல்லாம் அடைச்சிருப்பாரு."

"அடைச்சிருந்தா எதுக்கு எழுதி வச்சிருக்காரு?"

பரிமளா கம்பளியை மடித்து உள்ளே வைத்தாள்.

வெள்ளைச்சாமி சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் மகன் செல்லதுரையை விட்டால் வேறு ஆளும் இல்லை. ஒருநாள் ராத்திரி ரூமில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. சவப்பெட்டி திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்கியது. கொள்ளி வைத்தது செல்லதுரைதான். பதினாறாம் நாள் தலையில் துண்டு கட்டி, சபையில் நின்று, முறைப்படி கேட்டதும் அவன்தான்.

"எங்க சித்தப்பா கொடுக்கல் வாங்கல் எது இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. நான் பொறுப்பு."

யாரும் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் கூடச் சத்தம் குறைவாகத்தான் இருந்தது.

அதை இப்போது நினைத்தபோது செல்லதுரைக்குக் கண் கலங்கியது. "பாத்தியா பரிமளா? காரிய வூட்டுல கேக்கக் கூடாதுன்னு எவ்வளவு கௌரவமா இருந்திருக்காங்க."

செல்லதுரை ரேஷன் கடையில் எடை போடுகிறவன். சாக்கின் எடையைக் கழித்து அரிசி போடும் ஆள் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயரைத் தவிர அவனிடம் இருந்த பெரிய சொத்து சித்தப்பா பெயரில் இருந்த ஒரு ஏக்கர் முந்திரிக்காடு. இத்தனை வருஷமும் அவனும் பரிமளாவும்தான் பார்த்து வந்தார்கள். போன வாரம்தான் வாரிசு சான்றிதழ் கைக்கு வந்திருந்தது. ரேஷன் கடைச் சம்பளம் சாப்பாட்டுக்கு. முந்திரி வருமானம் மகள் படிப்புக்கு. ஜூன் மாதம் அவளைப் பெரம்பலூரில் நர்சிங் சேர்க்க வேண்டும்.

பத்திரம் எழுதுகிறவரிடம் போய்க் கேட்டான்.

"சொத்து வந்தா கடனும் வரும்," என்றார் அவர். "சொத்து மதிப்பு வரைக்கும் நீங்கதான் கட்டணும். கையெழுத்து, பிராமிசரி நோட்டு எதாச்சும் இருக்கா?"

"டைரி இருக்கு."

"அவங்ககிட்ட என்ன இருக்குன்னு கேட்டேன்."

"அவங்ககிட்ட மனசு இருக்குங்க," என்று சொல்லிவிட்டு வந்தான் செல்லதுரை.

முதலில் கண்ணையனின் டீக்கடைக்குப் போனான்.

"அண்ணே, சித்தப்பா கணக்கு விஷயமா வந்தேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கண்ணையன் அதைப் பார்க்கவில்லை. "தம்பி, இந்த வருசம் யாவாரமே சரியில்ல. கேஸ் வேற ஏறிப்போச்சு..."

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நாப்பதாயிரம். எழுதி வச்சிருக்காரு. நான் தந்துடறேன்."

"யாரு?"

"நான்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தாண்ணே."

கண்ணையனுக்கு அப்போதுதான் பால் கண்ணில் பட்டது. பிறகு அடுப்பை அணைத்தார். "அவசரமில்ல தம்பி," என்றார். அன்றைக்கு டீக்கும் வடைக்கும் காசு வாங்கவில்லை. இரண்டாவது வடையை அவரே எடுத்து வைத்தார்.

நல்லதம்பி வீட்டில் இல்லை என்று அவர் மனைவி சொன்னார். டிராக்டருக்கு அடியில் இரண்டு கால் தெரிந்தது.

"சரிங்கக்கா. வெள்ளைச்சாமி சித்தப்பா கணக்குல அண்ணனுக்குப் பணம் தரணும். வந்தா சொல்லுங்க."

கால்களைத் தொடர்ந்து நல்லதம்பி முழுசாக வெளியே வந்தார்.

"எவ்வளவுன்னு போட்டிருக்காரு?"

"எழுபத்தஞ்சு."

"எழுபத்தஞ்சுதானா?"

"ஏண்ணே, கூட வருமா?"

நல்லதம்பி வானத்தைப் பார்த்து யோசித்தார். "இல்ல இல்ல. செத்தவரு எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்."

ஓய்வு பெற்ற அறிவுச்செல்வன் சாரிடம்தான் செல்லதுரை எட்டாம் வகுப்பில் கணக்கு படித்தான். விஷயத்தைச் சொன்னதும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"ஒரு லட்சம்னு அவரே எழுதியிருக்காரா?"

"ஆமாங்க சார்."

"பாதி போதும்ப்பா."

"சார்!"

"அம்பதாயிரம் குடு. மீதி வேணாம். மனசு கேக்கல."

செல்லதுரை காலில் விழுந்துவிட்டான். சார் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஊர்ல இப்படி மனுசங்க இருக்கும்போது நமக்கென்ன கவலை?" என்று வீட்டில் வந்து சொன்னான். பாதி சுமை இறங்கியது போல் இருந்தது. அந்த நிம்மதியில் பரிமளாவின் செயினை அடகு வைத்தான். ஆளுக்குப் பத்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டால் அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டான்.

பணம் கைக்கு வந்ததும் அவர்களுக்கு நிம்மதி போய்விட்டது.

மறுநாள் கண்ணையன் டீக்குக் காசு வாங்கினார். "தம்பி, தப்பா நினைக்காத. வருசம் பல ஆச்சு. வட்டின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"வட்டியாண்ணே?"

"நான் கேக்கல. உலகம் கேக்குது."

உலகம் கேட்டது நல்லதம்பியின் காதிலும் விழுந்தது. அவர் டிராக்டரை ரேஷன் கடை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். "கண்ணையனுக்கு வட்டி உண்டாம். எனக்கு இல்லையா? நான் என்ன தொக்கா?"

இரண்டு பேருக்கும் நடுவில் நியாயம் சொல்ல சாரைக் கூப்பிடுவது என்று செல்லதுரை முடிவு செய்தான். பாதியை விட்டுக்கொடுத்தவர். அவர் சொன்னால் கேட்பார்கள்.

சார் வந்தார். பேப்பர் கேட்டார். இரண்டு பேருக்கும் தனித்தனியாக வட்டி போட்டுக் காட்டினார். அடித்தல் திருத்தல் இல்லாத கணக்கு. பிறகு தன் பெயரையும் கீழே எழுதினார்.

"சார், நீங்கதான் பாதி போதும்னீங்களே?"

"சொன்னேன்ப்பா. இப்ப பொது நியாயம்னு ஆயிடுச்சு. நான் மட்டும் பாதின்னா இவங்க ரெண்டு பேரையும் அவமானப்படுத்தற மாதிரி இருக்கும்."

"ரொம்பச் சரி," என்றார் கண்ணையன்.

"சார் எங்களை விட்டுக்குடுக்க மாட்டாரு," என்றார் நல்லதம்பி.

கொடுத்த முன்பணம் போக மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் வந்தது. வேப்பந்தட்டை பொன்னுத்தாய்க்குப் பதினைந்து. ஆக மூன்று லட்சம். அந்த அம்மா வேறு வட்டி கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், செல்லதுரை இன்னும் போனே போடவில்லை.

பரிமளா இரண்டு நாள் அந்தக் கணக்குப் பேப்பரையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டாள். "மூணு பேர்ல ஒருத்தர்கூடவா ஒரு துண்டுச் சீட்டு வச்சிருக்கல?"

"நம்பிக் குடுத்திருக்காங்க பரிமளா. நம்பிக்கைக்கு ஏது சீட்டு?"

"உங்களை ரேஷன் கடைல வச்சவன் கெட்டிக்காரன்."

முந்திரிக்காட்டில் பாதியை விற்பதைத் தவிர வழியில்லை. ஜெயங்கொண்டம் வியாபாரி ஒருவர் வந்தார். மரங்களைச் சுற்றிப் பார்த்தார். செல்லதுரையின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். முகத்தைப் பார்த்துத்தான் விலை சொன்னார்.

"அம்பது சென்ட். மூணு லட்சம்."

"அது ரொம்பக் குறைச்சலுங்களே?"

"அவசரத்துக்கு அவ்வளவுதாங்க."

மகளிடம், நர்சிங்கை அடுத்த வருஷம் பார்க்கலாமா என்று பரிமளா கேட்டாள். அவள் சரி என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். அப்போது மாடியில் துணி எதுவும் காயவில்லை.

கடைசியாக வேப்பந்தட்டைக்குப் போன் போட்டான். சித்தப்பாவோடு குவைத்தில் வேலை பார்த்தவரின் மனைவியாம் பொன்னுத்தாய்.

"யம்மா, வெள்ளைச்சாமி சித்தப்பாவோட அண்ணன் மகன் பேசுறேன். அவரு கணக்கு விஷயமா..."

"தெரியும் தம்பி. சாவுக்கே வர முடியல. ரெண்டு நாளா நானே பேசணும்னு இருந்தேன். எங்க வரணும்?"

இவர்களும் தயாராகத்தான் இருக்கிறார்கள் என்று செல்லதுரை நினைத்துக்கொண்டான். "திங்கக்கிழமை காலையில ஆண்டிமடம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துடுங்க. எல்லாரும் அங்கதான் வர்றாங்க. அங்கயே முடிச்சிடலாம்."

"வட்டி ஏதாச்சும்..."

"அதை நேர்ல பேசிக்கலாம்மா," என்று சட்டென்று வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் வேப்பமரத்தடி பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணையன் டீக்கடைக்கு லீவு விட்டிருந்தார். நல்லதம்பி புதுச் சட்டையில் வந்திருந்தார். சார் கையில் மஞ்சள் பை.

"பை எதுக்கு சார்?" என்றாள் பரிமளா.

"சும்மாதாம்மா," என்று சார் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வியாபாரி பணத்தோடு வந்துவிட்டார். பத்திரம் தயார். டோக்கன் நம்பர் வர இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி. பத்திரம் எழுதுகிறவர் பேனாவைத் திறந்து செல்லதுரையிடம் நீட்டினார். "ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க."

செல்லதுரை முதல் பக்கத்தைப் பார்த்தான். முந்திரிக்காட்டின் நான்கு எல்லையும் தெளிவாக எழுதியிருந்தது. கிழக்கே ஓடை. மேற்கே இவனுடைய மீதி நிலம். பேனா முனையைக் காகிதத்தில் வைத்தான்.

"இங்க செல்லதுரைங்கிறது யாருங்க?"

பெரம்பலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் பஸ் மாறி வந்த களைப்போடு ஒரு அம்மா நின்றார்கள். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது. இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார்கள்.

"நான்தாம்மா. உக்காருங்க. இன்னும் அரை மணி நேரத்துல உங்க பணம்..."

"வெயில்ல அலைஞ்சு உக்காந்தா தலை சுத்தும் தம்பி. முதல்ல இதைப் பிடிங்க." ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக்கட்டை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். "பதினஞ்சு இருக்கு. எண்ணிக்கங்க."

செல்லதுரைக்கு ஒன்றும் ஓடவில்லை. "என்னம்மா, எனக்கு ஏன் தர்றீங்க?"

"வூட்டுக்காரருக்கு ஆபரேசன்னப்ப அண்ணன் அனுப்புனது. அவரு இருக்கும்போதே அடைக்கணும்னு பாத்தேன், முடியல. இப்பதான் மனசு லேசாச்சு."

செல்லதுரை அவசரமாகக் கணக்குப் போட்டான். தர வேண்டிய பதினைந்து மிச்சம். வந்த பதினைந்து லாபம். டைரியில் சித்தப்பா ஒரு வரியை மட்டும் மாற்றி எழுதிவிட்டார் போலிருக்கிறது. முப்பதாயிரம்! வியாபாரியிடம் சொல்லி ஐந்து சென்ட் குறைத்துக்கொள்ளலாம். பல வாரங்களுக்குப் பிறகு ஒரு மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது.

பரிமளா கணக்குப் போடவில்லை. அவள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணையன் எழுந்து நின்றிருந்தார். நல்லதம்பி சட்டைப் பையில் டிராக்டர் சாவியைத் தேடினார். சார் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

அவள் புருஷனின் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினாள்.

"டோக்கன் கூப்பிடப் போறாங்கம்மா," என்றார் வியாபாரி.

"கூப்பிடட்டும்," என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "யக்கா, இந்தப் பெஞ்சுல இருக்கிற மூணு பேரும் யாருன்னு தெரியுதா? கண்ணையன், நல்லதம்பி, அறிவுச்செல்வன் சார்."

பொன்னுத்தாய் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, மரியாதையோடு கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"பேரெல்லாம் அண்ணன் போன்ல சொல்லிச் சொல்லிப் புலம்பியிருக்காரு, ஊர்ல மூணு பேருக்குக் குடுத்தேன், ஒருத்தரும் திருப்பித் தரலைன்னு. நல்லவேளை, எனக்கு முன்னாடியே வந்து கட்டிட்டாங்க போலிருக்கு. நான்தான் கடைசியா தம்பி?"