பாதி மனைவியோடு ஒரு போட்டோ

கோட்டு போட்டால் எந்த மனிதனுக்கும் கொஞ்சம் புத்தி குறைந்துவிடும். நான் போட்டது இரவல் கோட்டு; எனக்குக் கூடுதலாகவே குறைந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுக் கல்யாணம், ராயபுரத்தில் குடித்தனம், துறைமுகத்தில் மூட்டை எண்ணும் உத்தியோகம். என் மனைவி ருக்மணிக்கு ஒரே அண்ணன், ரங்கூனில். 'மூட்டை எண்றவனுக்கா என் தங்கச்சி?' என்று கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வரவில்லை. அதோடு கடிதமும் நின்றுபோனது. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ருக்மணி அடுப்படிக்குப் போய்விடுவாள். (புகையில் கண் கலங்குகிறதாம். அடுப்பே எரியாத நேரத்தில்!) எனக்கு அது தாங்கவில்லை.

"பூங்காவுல ஜோரா ஒரு போட்டோ எடுத்து அனுப்பலாம். நீ நல்லா கீறேன்னு பாத்தா உங்க அண்ணன் மனசு மாறும்" என்றேன்.

என்னைப் பெற்ற நைனாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அவர் கட்சி. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டும் மனிதர், கறுப்புத் துணி போர்த்திய ஒரு பெட்டிக்குப் பயந்தார்.

சாயங்காலம் போட்டோக்காரர் முக்காலியில் பெட்டியை நிறுத்தினார். ருக்மணி கல்யாணப் பட்டில் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான், என்னில் பாதி உடம்புகூட இல்லாத ஒரு தோஸ்தின் கோட்டுக்குள். கழுத்தைத் திருப்ப வழியில்லை.

"வெளிச்சம் கொறஞ்சிகினே வருது, பிளேட்டும் ஒண்ணுதான் கீது" என்றார் போட்டோக்காரர். "மூடியைத் தொறந்து மூணு எண்ற வரைக்கும் அசையாதீங்க. ஒண்ணு..."

நெஞ்சை நிமிர்த்தினேன். பெஞ்சின் முதுகில், ருக்மணியின் பின்னால், கையை நீட்டி வைத்தேன். ரங்கூனையே விலை பேச வந்தவன் மாதிரி ஒரு பார்வை வேறு.

"ரெண்டு..."

பட்டுப்புடவை சரசரத்தது. நான் அசையவில்லை.

"மூணு!"

உடம்போடு திரும்பினேன். பெஞ்சில் நான் மட்டும்தான் இருந்தேன். ருக்மணி மரத்துக்குப் பின்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். பாதையில் என் நைனா! பூங்கா ரேடியோவில் செய்தி கேட்க அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டார்.

"இன்னாடா, ஒண்டியா குந்திகினு காத்த கட்டிப் புடிச்சிகினு கீறே?" என்றார்.

"ஒரு நிமிஷம் குந்திகினு இருந்திருக்கக் கூடாதா?" என்று ருக்மணியிடம் பல்லைக் கடித்தேன்.

"மாமா எதிர்ல வரச்சொல்ல எப்படிங்க குந்துறது?" என்றாள். மாமனாரைக் கண்டால் எழுந்து ஒதுங்குவது அவளுக்குப் பழக்கம். மூளையைக் கேட்டுக்கொண்டு கால் எழுந்திருக்கவில்லை.

"வுடு வாத்யாரே, ரெண்டு வரைக்கும் இருந்தாங்க இல்ல? வுழுந்திருப்பாங்க" என்று போட்டோக்காரர் என்னைத் தேற்றினார்.

ரங்கூன் கப்பல் கிளம்பும் காலையில் போட்டோக்காரர் ஒட்டிய உறையோடு துறைமுக வாசலுக்கு ஓடி வந்தார். "பிரிக்காதே, ஈரம் காயல" என்றார். நம்பி, கப்பலில் போகிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். எங்களுக்கான பிரதி சாயங்காலம் வந்தது. அதில் நான் ராஜா மாதிரி தெளிவாக இருந்தேன். பக்கத்தில் ருக்மணியின் வடிவத்தில் கொஞ்சம் புகை. புகைக்குள்ளே பெஞ்சின் பலகைகள் தெரிந்தன.

நைனா வாங்கிப் பார்த்தார். "பூங்காவுல எடுத்தியா, மூலக்கொத்தளம் சுடுகாட்டுல எடுத்தியா?"

ருக்மணி அழுதாள். இந்த முறை அடுப்படிக்குக்கூடப் போகவில்லை.

அடுத்த கப்பல் வந்த அன்று யாரோ எங்கள் கதவை இடி இடியென்று இடித்தார்கள். ருக்மணி திறந்தாள். கையில் பெட்டியோடு, நாலு நாள் தாடியோடு, அவள் அண்ணன்! அவளை மேலும் கீழும் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார், கையைக் கிள்ளினார்.

"உயிரோடதான் கீறியாம்மா?" என்று கேட்டு, அத்தனை பெரிய மனிதர் வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். தங்கை செத்துப்போய்விட்டாள், ஆவிதான் போட்டோவில் விழுந்திருக்கிறது என்று நினைத்துக் கப்பல் ஏறியவர். அழுது முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா மாப்ள, இப்படி பேஜாரு பண்ணிட்டியே!"

அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அடி விழுந்திருந்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் கேமராவை எடுத்தாலும், முதலில் இரண்டு பேர் ருக்மணியின் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்கள். "யாரும் வரல, குந்து!" என்று ஒரே கூச்சல். அவள் அசருவதில்லை.

"அன்னிக்கி நான் ஒழுங்கா குந்திகினு இருந்தா எங்க அண்ணன் வந்திருப்பாரா?" என்கிறாள்.