கேப்டன் சீட்டும் என் ஸ்கேலும்

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. தற்செயல் விடுப்பு. 5.10-க்கு எழுந்தேன். 6.00-க்குச் செம்பருத்திக்குத் தண்ணீர். 7.30-க்கு இட்லி, நான்கு. 10.40-க்கு என் மகளின் மானத்தை வாங்கினேன். டைரியில் உள்ளபடியே சொல்கிறேன்.

மகள் ஜெனி ஒரு சிறிய விமான நிறுவனத்தில் துணை விமானி. அங்கே கேப்டன் ஆக, சேர்ந்த தேதிதான் கணக்கு. வெளியே எத்தனை வருடம் பறந்திருந்தாலும் புதிதாக வருபவர் கடைசியில்தான் நிற்க வேண்டும். அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணிமூப்புப் பட்டியல் தயாரிக்கும் எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஜெனி இரண்டாம் இடத்துக்கு வந்திருந்தாள். (கொட்டாரம் சந்தியில் மீன் வாங்க வருகிறவர்களுக்குக்கூட அந்த எண் தெரியும்.)

விடுப்பில் வந்திருந்தவள் அன்று அறைக்குள் லேப்டாப்பில் விமானிகள் கூட்டத்தில் இருந்தாள். ஆள் எடுக்கும் முறையையும் பட்டியலையும் மாற்ற அவளே ஒரு திட்டம் எழுதியிருந்தாள். அதன் நகல் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. எழுத்துப் பிழை பார்க்கலாமே என்று ஸ்கேலை வைத்து வரிவரியாகப் படித்தேன். வேறு நிறுவனங்களில் பறந்த ஆண்டுகளையும் சேர்க்க வேண்டுமாம். கடைசிப் பக்கத்தில் புதிய பட்டியல். இரண்டில் ஜெனி இல்லை. ஸ்கேல் இறங்கிக்கொண்டே போய் ஏழில் நின்றது.

கைலியும் பனியனுமாக அறைக்குள் பாய்ந்தேன்.

"ஏட்டி ஜெனி! எவன் போட்ட லிஸ்ட்டு இது?"

"அப்பா..."

"அப்பாவாவது ஆட்டுக்குட்டியாவது! அஞ்சு பேரு உனக்க தலைக்கு மேல ஏறி இருக்கானுவ! கேப்டன் சீட்டு போச்சே மக்கா!"

"அப்பா, மைக் ஆன்ல கெடக்கு."

திரையில் முப்பத்தெட்டு முகங்கள். (அந்த நிலையிலும் எண்ணினேன்.) நான் நுழைவதற்குச் சற்றுமுன் ஒரு மூத்த கேப்டன், "இந்தத் திட்டத்தால உங்களுக்கு என்ன லாபம்?" என்று ஜெனியைக் கேட்டிருந்தாராம்.

"பதிலை உங்க அப்பாவே சொல்லிட்டாரும்மா," என்றார் அவர்.

ஜெனி மைக்கை அணைக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "எனக்குத் தெரியும்பா, நான்தான எழுதினேன். அந்த அஞ்சு பேரும் முன்ன இருந்த கம்பெனிய மூடிட்டாங்க. பத்து வருஷம் பறந்தவங்க இங்க எனக்குக் கீழ நிக்காங்க. நாளைக்கு எங்க கம்பெனியும் மூடிச்சுன்னா நான் எங்க போயி நிக்க?"

இருபத்தாறு ஆண்டுகளில் இப்படி ஒரு கேள்வியை நான் என்னிடமே கேட்டதில்லை. திட்டத்தை நிர்வாகத்துக்கு அனுப்ப முப்பத்தொரு கைகள் உயர்ந்தன. ஸ்கேலோடு என் கையும் உயர்ந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

"உங்களுக்கு வேற சோலியே இல்லியா? ஒரு சட்டையாவது போட்டுட்டுப் போயிருக்கப்பிடாதா?" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

மாலைக்குள் வீட்டிலும் சீர்திருத்தம் வந்துவிட்டது. எங்கள் ஒரே குளியலறையில் முதல் குளியல் எப்போதும் என்னுடையது. மூத்தவன் என்பதுதான் தகுதி. அந்தக் கதவில் ஜெனி ஒரு தாளை ஒட்டினாள்: 1. அம்மா (சமையல் அனுபவம் சேர்க்கப்பட்டது). 2. ஜெனி. 3. அப்பா. மைத்துனன் இன்றும் போனை எடுத்ததும், "அத்தான், இப்பம் எத்தனாவது நம்பரு?" என்றுதான் கேட்கிறான்.

மறுநாள் காலை முதல் வேலையாக, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் மூன்றாவது ஆளாகப் போய் நின்றேன்.