மூடாத முதுகு

மதிப்பிற்குரிய பெரிய மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். உங்கள் டைல்ஸ் கடையில் நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றீர்களே, அந்த இடத்தை எனக்கு வைத்திருங்கள்.

போன தடவை போனில், "இன்னும் கோழி முட்டையத்தான் உடைச்சிட்டிருக்கியா?" என்று கேட்டீர்கள். அதையேதான் மாமா. ஒரு நாள் அடைகாத்த முட்டையை உடைத்தால், மஞ்சள் கருவின் மேல் அரிசி நீளம்கூட இல்லாத கோழிக்கரு தட்டையாகப் படுத்திருக்கும். அதன் முதுகில் இரண்டு ஓரங்கள் வரப்பு மாதிரி எழும்பி, ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து, ஒட்டிக் குழாயாகும். பின்னால் மூளையும் தண்டுவடமும் அதுதான். செல்கள் தங்கள் மேல்பக்கத்தைச் சுருக்கி இழுக்கிற இழுப்பில்தான் இத்தனையும் நடக்கிறது. எவ்வளவு பலமாக இழுக்கின்றன என்று அளப்பது என் வேலை. மூடினால்தானே அளக்க! முட்டையிலிருந்து எடுத்து வளர்க்கிற என் தட்டில் மட்டும் ஓரங்கள் பாதி எழும்பி, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகின்றன.

சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன், முட்டைக்காரரையே மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து மேசைப் பெண் அரைத்தூக்கத்தில் வைக்கிற கருவெல்லாம் சமர்த்தாக மூடிக்கொள்கிறது. என்னிடம் என்ன குறை? கருவை அதன் ஜவ்வோடு காகித வளையத்தில் ஒட்டி எடுப்பதில் இந்த ஆய்வுக்கூடத்திலேயே என்னை அடிக்க ஆளில்லை. ஜவ்வில் ஒரு சுருக்கம் இருக்காது, மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக நிற்கும். விருந்தாளி வந்தால் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் என் தட்டைத்தான் எடுத்துக் காட்டுவார். அதே மேடம் நேற்று, "இந்த வாரம் ஒண்ணாவது மூடலன்னா இத இத்தோட விட்டுடலாம்" என்றார். வீட்டில் புலம்பினால், "அது மூடுறது இருக்கட்டும், நீங்க வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்கிறாள் உங்கள் மருமகள். எனக்குச் சோறே இறங்கவில்லை மாமா.

காலையில் கடைசித் தட்டை வைத்துவிட்டு, அதைப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் இதை எழுதுகிறேன். அத்தைக்கு என் அன்பு. எனக்கு ஆசீர்வாதம் வேண்டாம், மிச்சம் இருந்தால் முட்டைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தோற்றுப்போன உங்கள் மருமகன்

பி.கு.: மாமா, உறையை ஒட்டும் முன் எட்டிப் பார்த்தேன். மூடியிருக்கிறது! நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். காலையில் ஏனோதானோவென்று வைத்ததில் ஜவ்வு தொளதொளவென்று ஒட்டியிருந்தது. போகிற வேலைதானே என்று இழுத்துவிடாமல் விட்டிருந்தேன். மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா அது பாவம் உள்ள இருந்து சேர்த்து இழுத்திருக்கு, நீங்க வெளிய இருந்து பிரிச்சு இழுத்திருக்கீங்க" என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "பழைய குறிப்பெல்லாம் தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து ஆரம்பிங்க" என்று போய்விட்டார். கடைக்கு வேறு ஆள் பாருங்கள். நான் முட்டை வாங்கப் போகிறேன்.