தலையாட்டியார் வழி கேட்ட கதை

புரிந்தவர் தலையாட்டுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. புரியாதவர் ஏன் அவரைவிட வேகமாகத் தலையாட்டுகிறார்?

பெரியவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பில் டீச்சர் ஒருநாள் இப்படிக் கேட்டுவிட்டார். வகுப்பில் இருந்த பதினொரு பேருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதும் கைக்கும் அன்று தெரியவில்லை. ஆனால் பதினொரு பேரில் பத்துப் பேர், டீச்சர் மனம் நோகக்கூடாதே என்று, தலையாட்டினார்கள்.

தலையாட்டிகள் என்று ஓர் இனம் இருக்கிறது, வாசகரே. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று டாக்டர் சொல்லும்போது ஆட்டுவார்கள். வெளியே வந்து மருந்துக் கடைக்காரரிடம் அதையே கேட்டு அவருக்கும் ஆட்டுவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் வெள்ளையைக் காலையிலும் சிவப்பை ராத்திரியிலும் என்று தாங்களாகவே ஒரு தீர்ப்பு எழுதி விழுங்கிவிடுவார்கள்.

ஆனாலும் இந்த இனத்தின் முழு அழகையும் பார்க்க வேண்டுமானால், அவர்கள் வழி கேட்கும்போது பார்க்க வேண்டும். "நேராப் போயி..." என்கிற வரை காது வேலை செய்யும். முதல் "இடது பக்கம்" வந்ததும் காது கடையைச் சாத்திவிடும். அதற்குப் பிறகு வியாபாரம் முழுவதும் தலைதான். சிக்னல், பாலம், மஞ்சள் கட்டடம், அதற்கு எதிர்ச்சந்து என்று சொல்கிறவர் சொல்லச் சொல்ல, தலை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு பெரிய நன்றி. பிறகு, சொன்னவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்பதற்காக, அவர் கை காட்டிய திசையில் நாற்பது அடி விறுவிறுவென்று நடை. மூலை திரும்பியதும் அடுத்த ஆளைப் பிடித்து முதலிலிருந்து கேள்வி. இரண்டாம் ஆளாவது புரியவைத்தாரா என்கிறீர்களா? அவருக்கும் அதே தலைதானே.

அந்த வகுப்பில் இந்த இனத்தின் தலைவர் நம் தையல்காரர். ஐம்பதை நெருங்கும் வயது, தானே தைத்துப் போட்ட கோட்டு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீலச் சாக்குக்கட்டி. ஆங்கிலம் பேசும் இந்தப் புது ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் வீட்டை விட்டுத் தனியாகப் போன மிகத் தூரமான இடம் தெருமுனை ரொட்டிக் கடை. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி. தலையாட்டாத அந்தப் பதினோராவது ஆள் அவர்தான். பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. புரியவில்லையென்றால் புரியவில்லை என்பார். மூன்று தடவை கேட்பார், நான்காவது தடவை கேட்கவும் கூச்சப்பட மாட்டார்.

துணி வெளுக்கும் கடைக்கு மேலே இருந்த ஓர் அறையில் வகுப்பு. கீழே இயந்திரங்கள் சுழன்றால் மேலே கரும்பலகை நடுங்கும். டீச்சர் தையல்காரரின் சாக்குக்கட்டியைக் கடன் வாங்கித் தரையில் தெருக்கள் போடுவார். நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டால் அது பேருந்து. பிஸ்கட் டப்பா மூடியைச் சக்கரமாகப் பிடித்துக்கொண்டு டீச்சரே ஓட்டுநர் ஆவார். எங்கே போக வேண்டும், எங்கே இறங்க வேண்டும், இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எல்லோரும் ஆங்கிலத்தில் கேட்டுப் பழக வேண்டும். இதற்காகப் பலகையில் ஆறு வாக்கியங்கள். ஐந்து வாக்கியங்கள் வழி கேட்க. ஆறாவது இது: "எனக்குப் புரியவில்லை, தயவுசெய்து மறுபடி சொல்லுங்கள்."

தையல்காரர் ஆறையும் முத்து முத்தாக எழுதிக்கொண்டார். முதல் ஐந்தை மனப்பாடம் செய்தார். ஆறாவது தமக்குத் தேவைப்படாது என்று விட்டுவிட்டார்.

"ஏங்க, அந்தக் கடைசி வரியையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க," என்றார் மனைவி.

"அதெல்லாம் புரியாதவங்களுக்கு."

"உங்களுக்கு இப்ப டீச்சர் சொன்னது புரிஞ்சுதா?"

"ஏன் புரியாம?"

"அப்ப எந்த ஸ்டாப்ல இறங்கணும்?"

தையல்காரர் தலையாட்டினார்.

"ஒரு சட்டைக்கு மூணு தடவை அளவெடுக்கிற மனுஷன்," என்றார் மனைவி டீச்சரிடம், "வழியை மட்டும் காதுல வாங்காமலே வெட்டிடுவார்."

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் உடுப்புத் தைக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே ஓர் இடம் காலி. திங்கட்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்குப் பின்வாசல் வழியாக வந்து ஒரு கோட்டுத் தைத்துக் காட்ட வேண்டும். தாமதமானால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எட்டு மாதமாக அக்கம்பக்கத்தாரின் கால்சட்டைகளுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டுமா? அன்று மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகத்தான் போக வேண்டும்.

டீச்சர் வழியை நான்கு தடவை தரையில் நடத்திக் காட்டினார். பதினாலாம் நம்பர் பேருந்து. தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே பின்வாசல். இதில் தொலைவதற்கு என்ன இருக்கிறது?

இருந்தது. திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கே பேருந்தில் ஏறிய தையல்காரரிடம், ஓட்டுநர் ஏதோ நீளமாகச் சொன்னார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், இன்று பேருந்து சுற்றிப் போகிறது, சந்தை நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். தையல்காரர் அன்போடு தலையாட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். சந்தை வந்தது, போனது. நேராகப் போக வேண்டிய பேருந்து வலது பக்கம் திரும்பியபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். பதறி இறங்கியபோது, முன்பின் பார்த்திராத ஒரு தெருவில், சைக்கிள் பழுது பார்க்கும் கடை ஒன்றின் முன் நின்றார். மணி எட்டே முக்கால்.

தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு பெண்ணிடம் முதல் வாக்கியத்தைப் பிசகில்லாமல் கேட்டார். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். தலையாட்டினார். நாற்பது அடி நடந்தார். தபால்காரரிடம் கேட்டார். தபால்காரர் கையால் காற்றில் மூன்று திருப்பங்கள் போட்டார். தலையாட்டினார். நாற்பது அடி நடந்தார். மறுபடி அதே சைக்கிள் கடை. கடைக்காரர் இந்த முறை வணக்கம் வைத்தார்.

அப்போது வந்தார் குடைக்காரர். மழை இல்லை, ஆனால் கையில் குடை. வேறு மொழிக்காரர், ஏறக்குறைய இவர் வயது. "ஆஸ்பத்திரி?" என்றார் தையல்காரர். "ஆஸ்பத்திரி! எஸ், எஸ்," என்று குடைக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் இருந்த உறுதியைக் கண்டு தையல்காரரும் தலையாட்டினார். இருவரும் நடக்கத் தொடங்கினார்கள்.

வழி தெரிந்தவன் அரை அடி முன்னால் நடப்பான், தெரியாதவன் அரை அடி பின்னால் நடப்பான். இங்கேயோ இருவரும் அரை அடி பின்னால் நடந்தார்கள். மூலை வந்தால் இருவரும் நின்று ஒருவருக்கொருவர் மரியாதையாகக் கை காட்டிக்கொண்டார்கள். ஒருவர் தோள் லேசாக எந்தப் பக்கம் சாய்ந்ததோ, மற்றவர் உடனே அந்தப் பக்கம் திரும்பினார். இப்படி அரை மணி நேரம் போய், மரக்கிடங்கு ஒன்றின் தகரக் கதவில் போய் முட்டினார்கள். அதற்கு மேல் தெருவே இல்லை.

குடைக்காரர் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் குடைக்காரரைப் பார்த்தார். குடைக்காரர் மெல்லப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அதிலும் ஆங்கிலத்தில் ஆறு வாக்கியங்கள், அதே வரிசையில். இன்னொரு பகுதியில் இன்னொரு மாலை வகுப்பு. அவர் தங்கைக்கு அந்த ஆஸ்பத்திரியில் முந்தின நாள் குழந்தை பிறந்திருந்தது. இஸ்திரி போட்ட கோட்டோடு நின்ற இந்த மனிதர் தம்மை அங்கே அழைத்துப் போகிறார் என்று அவர் நம்பியிருந்தார்.

மணி ஒன்பதரை.

கதவைத் திறந்துகொண்டு காவலாளி எட்டிப் பார்த்தார், வாயில் ரொட்டி. தையல்காரர் பத்து மணியை நினைத்தார். குடைக்காரர் கையிலிருந்த தாளின் கடைசி வரியைப் பார்த்தார். மூச்சை இழுத்துவிட்டு, உரக்கப் படித்தார்: "எனக்குப் புரியவில்லை, தயவுசெய்து மறுபடி சொல்லுங்கள்."

காவலாளி ரொட்டியை விழுங்கினார். "நான் இன்னும் எதுவும் சொல்லவே இல்லையே," என்றார்.

பிறகு, "ஆஸ்பத்திரி" என்று இருவரும் சேர்ந்து சொன்னதும், வழி சொன்னார். ஆறாவது வாக்கியம். கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். மறுபடி ஆறாவது வாக்கியம். காவலாளி கோபித்துக்கொள்வார் என்று தையல்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். அவரோ ரொட்டி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, வரைய ஏதாவது கிடைக்குமா என்று தரையில் தேடினார். சட்டைப் பையிலிருந்து நீலச் சாக்குக்கட்டி வெளியே வந்தது. தகரக் கதவில் ஒரு கோடு, இரண்டு திருப்பம், ஒரு வளைவு, ஆஸ்பத்திரிப் பின்வாசல். தையல்காரர் அந்தக் கோட்டின் மேல், சட்டைக்கு அளவு பார்ப்பதுபோல், தானே விரலை ஓட்டிக் காட்டினார். இரண்டாவது திருப்பத்தில் விரல் வலது பக்கம் போனது. காவலாளி அதைப் பிடித்து இடது பக்கம் வைத்தார். பக்கத்தில் குடைக்காரர் முதலிலிருந்தே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

குடைக்காரரோடு பின்வாசலுக்கு வந்து சேர்ந்து, பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தையல்காரர் தையல் அறைக்குள் நுழைந்தார். மேற்பார்வைக்கார அம்மா, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கோட்டுத் துணியை மேசையில் விரித்துப் படபடவென்று பேசினார். தையல்காரரின் தலை தானாகவே மேலே போயிற்று. கீழே வருவதற்குள் தாடையைக் கையால் பிடித்து நிறுத்தினார். ஆறாவது வாக்கியத்தைச் சொன்னார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். மூலையில் கிடந்த இரண்டு கோட்டுகளைக் காட்டினார். வெளியே வர வேண்டிய பை இரண்டிலும் உள்பக்கமாக இருந்தது. "முன்னால் வந்தவர்கள்," என்றார். "அழகாகத் தலையாட்டினார்கள்." பிறகு மறுபடி நிதானமாகச் சொன்னார்.

சாயங்காலம் மனைவி கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். "என்ன ஆச்சுங்க?"

"வேலை கிடைச்சுருச்சு. நாளையிலேருந்து வரச் சொல்லிட்டாங்க."

"எத்தனை மணிக்கு?"

தையல்காரர் கோட்டைக் கழற்றி மெதுவாக ஆணியில் மாட்டினார்.

"சொன்னாங்க," என்றார்.

"நீங்க?"

"சந்தோஷத்துல தலையாட்டிட்டேன்."

மறுநாள் விடிந்ததும் போய்ப் பின்வாசலில் உட்கார்ந்துகொண்டார் என்று கேள்வி. கதவு திறக்க இரண்டு மணி நேரம் ஆயிற்றாம்.

அடுத்த வகுப்பில் டீச்சரின் பழைய கேள்விக்கு அவர்தான் பதில் சொன்னார். "சொல்றவங்க முகம் வாடிடக் கூடாதுன்னுதான் ஆட்டுறோம்னு நெனச்சிட்டிருந்தேன், டீச்சர். நெஜத்துல, நம்ம முகம் வாடிடக் கூடாதுன்னுதான். அந்தக் காவலாளி முகம் வாடவே இல்லையே."

டீச்சர் தலையாட்டினார்.

"புரிஞ்சுதா டீச்சர், இல்ல மறுபடி சொல்லச் சொல்லட்டா?" என்றார் தையல்காரரின் மனைவி.

வாசகரே, நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். நல்லது. தகரக் கதவில் காவலாளி எத்தனை திருப்பம் வரைந்தார்? மேலே பார்க்காமல் சொல்லுங்கள். இப்போது ஆடியதே, அந்தத் தலையைத்தான் இவ்வளவு நேரமாகச் சொன்னது.

பரவாயில்லை. உங்களுக்குத் தெரிந்த இன்னொரு தலையாட்டிக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்டு முடித்ததும் அவர் தலையாட்டுவார். விடாதீர்கள். திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.